நம்புள்து

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதுவது என் வேலை இல்லை. கண்டெய்னர் யார்டு ஒன்றின் வாசலில், எடை மேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. லாரி ஏறினால் எடையைக் குறிக்க வேண்டும், சீட்டை நீட்ட வேண்டும், கையைக் காட்டினால் லாரி இறங்கிவிடும். ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமலே வேலையை முடித்துவிடலாம். எனக்கு அது வசதியாக இருந்தது. நாலு பேர் நடுவில் பேச வேண்டும் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் பேச வேண்டிய ஒரு மாசம் பேசாமல் இருந்தேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பேஸ்பால் ஆடுகிறாள். எங்கள் காலடிப்பேட்டையில் இதைச் சொன்னால், "இன்னாண்ணா, அந்த உருட்டுக்கட்டை பேட்டா? சண்டைக்கு எட்துனு வருவானுங்களே, அதா?" என்பார்கள். அதுதான் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன்.

அவள் நிற்கும் இடத்துக்கு சென்டர் என்று பெயர். பந்து அடிப்பவருக்கு நேர் எதிரே, மைதானத்தின் கடைசியில் நடுவில் நிற்க வேண்டும். இடப்பக்கம் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி. உயரமாக வரும் பந்துகளை இந்த மூன்று பேரும்தான் பிடிக்க வேண்டும். ஓடும்போது மூன்று பேர் கண்ணும் வானத்தில் இருக்கும். அதனால் பிடிக்கப் போகிறவள் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். கேட்டதும் மற்றவர்கள் நின்றுவிட வேண்டும். இந்த ஆட்டத்தில் எனக்குப் புரிந்ததே இவ்வளவுதான்.

தீபாவளி முடிந்ததும் பயிற்சி தொடங்கியது. ஆறு வாரம். அதன் முடிவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் பதினாறு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். போன வருஷம் பட்டியல் போடும் நேரத்தில் என் மகள் டைஃபாய்டில் படுத்துவிட்டாள். "இந்த வாட்டி வுட மாட்டேன் நைனா" என்றாள். காலை ஐந்தேகாலுக்கு அவளே எழுந்துகொண்டாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, நின்றிருக்கும் லாரி வரிசையின் ஓரமாகவே போய், ரயில் பாதை பக்கத்து மைதானத்தில் இறங்குவோம். மழை நாளில் தண்ணீர் தேங்கியிருக்கும். பெண்கள் பிளாஸ்டிக் மக்கால் முகந்து கொட்டி, மரத்தூள் தூவி, பிறகுதான் ஆடத் தொடங்குவார்கள். காய்ந்த பாதி ஆண்கள் அணிக்கு. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. லாரிப் புகை படிந்த அந்த மண்ணில் வெள்ளைப் பந்து அரை மணி நேரத்தில் கரியாகிவிடும். வீட்டுக்கு வந்து அவள் முகம் கழுவினால் கறுப்புத் தண்ணீர் ஓடும். தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, நாலு இட்லியும் இரண்டு முட்டையும் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவாள். வகுப்பில் தூங்கித் திட்டு வாங்கிக்கொண்டு, சாயங்காலம் மறுபடியும் மைதானத்துக்கு வருவாள்.

நான் வேலைக்குப் போகும் நேரம் வரை கம்பி வேலிக்கு வெளியே வண்டி மேல் உட்கார்ந்திருப்பேன். ஒன்றரை வருஷத்தில் அந்தக் கேட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை.

பந்து மேலே எழும்பினால் என் மகள் கத்தும் வார்த்தை "நம்புள்து!" அது அவள் அம்மாவின் வார்த்தை. என் மனைவி காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, இங்கே மார்க்கெட்டில் விற்கிறாள். ஏலம் முடியும் நொடியில் கூடை விளிம்பில் கையை வைத்து "நம்புள்து!" என்பாள். அதற்குப் பிறகு அந்தக் கூடையில் வேறு கை படாது. எங்கள் பக்கத்தில் நம்முடையது, என்னுடையது இரண்டுக்குமே நம்புள்து என்றுதான் சொல்வோம். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அம்மாவோடு போய் மகள் இதைப் பிடித்துக்கொண்டாள். போன வருஷம் அவளைப் பார்த்து வலப்பக்கத்துப் பெண்ணும் இடப்பக்கத்துப் பெண்ணும் அதையே கத்தினார்கள். யார் முதலில் கத்தினாளோ பந்து அவளுக்கு. ஒரு நாளும் ஒருத்தி மேல் ஒருத்தி மோதவில்லை.

இந்த வருஷம் புதுப் பயிற்சியாளர் வந்தார். முப்பது வயது இருக்கும். ஆட்டம் தெரிந்தவர், அதை மறுக்க மாட்டேன். என் மகள் பந்தை எறியும் விதத்தில் இருந்த தப்பை ஒரே வாரத்தில் சரிசெய்தார். இரண்டாவது வாரம் அவள் ஓடி வந்து ஒரு பந்தை அழகாகப் பிடித்தாள். அவர் விசில் ஊதினார்.

"ஏய் சென்டர், இப்ப என்ன கத்துன?"

"நம்புள்து சார்."

"நம்புள்துன்னா? எத்தனை பேர்து?"

"என்னுது சார்."

"இது கிரவுண்டா, மீன் மார்க்கெட்டா? 'ஐ காட் இட்.' சொல்லு."

"ஐ காட் இட்."

"வெளியூர்ல போய் நம்புள்துன்னு கத்துனா, எந்த ஏரியா ரவுடிங்கன்னு கேப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வார்த்தையை மாற்றச் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. வெளியூர்ப் பெண்களோடு ஆட வேண்டியிருக்கும், எல்லாருக்கும் ஒரே வார்த்தை இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தால் அவள் மாற்றிக்கொண்டிருப்பாள். அவர் அப்படிச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் பேசுவதை எல்லாம் பேசிக்காட்டினார். "இன்னாமே சென்டரு, பாலு வந்துகினு கீது பாரு" என்பார். சினிமாவில் எங்களைக் கேலி செய்ய ஒரு குரல் வைத்திருப்பார்களே, அந்தக் குரல். பழைய வார்த்தை வாய் தவறி வந்தால் மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓட்டம். அவளுக்கு மட்டும் இல்லை, பின்னால் நிற்கும் மூன்று பேருக்கும். மற்ற இருவரையும் ஓடவிடக் கூடாதே என்று அவள் மைதானத்தில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டும் என்றால்கூடக் கையைக் காட்டினாள். என்னைப் போல.

ஒரு ராத்திரி தட்டு கழுவிக்கொண்டே, "ஐ காட் இட், ஐ காட் இட்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அது? ஆரு இன்னாத்த காட்டணும்?" என்றாள் என் மனைவி.

"நம்புள்து சொல்லக் கூடாதாம்மா. மீன் மார்க்கெட்டான்னு கேக்குறாரு."

"மீன் மார்க்கெட்டுன்னா இப்போ இன்னா? அவுரு மீனே துன்றது இல்லியாமா? நான் அங்க வாயத் தொறக்கலன்னா உனுக்கு ஏதுடி ஷூவு?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "யோவ், நீ அங்கதானே குந்தினு இருந்தே? இன்னா கேட்டே அந்தாள?"

"நான் வேலிக்கு வெளிய இருந்தேன்."

"வெளிய இருந்தா வாயி வயித்துக்குள்ள பூடுமா?"

"இப்போ போய் எதாச்சும் கேட்டா லிஸ்ட்ல எடுக்க மாட்டாரு. அதுவரைக்கும் சார் சொல்ற மாதிரியே செய்யட்டும்."

மகள் என்னைப் பார்த்தாள். மிச்சத் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். பயிற்சியாளர் மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அன்று நான் சொன்ன வார்த்தை மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

கடைசிச் சனிக்கிழமை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். இதைப் பார்த்துத்தான் பட்டியல். எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை, அதனால் முழுக்கப் பார்த்தேன். என் மகள் நன்றாகவே ஆடினாள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஒரு பந்து வானத்துக்குப் போனது. சென்டருக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவே இறங்கியது. வலப்பக்கத்தில் நின்றவள் வண்ணாரப்பேட்டைப் பெண், என் மகளுக்கு நெருங்கிய தோஸ்து. இரண்டு பேரும் ஓடினார்கள். என் மகளின் வாய் திறந்ததைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. பழைய வார்த்தையை விழுங்கினாள், புது வார்த்தை வந்து சேரவில்லை. சத்தம் கேட்டால் நிற்பதற்குப் பழகியிருந்த அந்தப் பெண், கேட்காததால் நிற்காமல் வந்தாள்.

மோதிய சத்தம் வேலி வரை கேட்டது. அந்தப் பெண்ணுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. என் மகளுக்கு உதடு வீங்கிவிட்டது. நான் கேட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் ஏதோ கத்தினார்.

பயிற்சியாளர் அந்தப் பெண்ணின் புருவத்தில் துண்டை வைத்து அழுத்தினார். ஆட்டோ கூப்பிட ஒருத்தியை அனுப்பினார். பிறகு என் மகளைப் பார்த்து, "எங்க போச்சு உன் வாய்? மத்த நேரத்துல மார்க்கெட் மாதிரி கத்துவியே!" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார்" என்றேன்.

"யார் நீங்க?"

நான் அவளைக் காட்டினேன்.

"உங்க பொண்ணா?"

"நம்புள்து சார்."

யோசித்துச் சொல்லவில்லை. எனக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாது. யாரோ ஒரு பெண் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"ஓ, குடும்பமே இப்படித்தானா?" என்றார்.

நான் அவர் எதிரே போய் நின்றேன். "எம் பொண்ணு நம்புள்துன்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு நின்னுருக்கும் சார். நீங்கதான் சொல்லக் கூடாதுன்னீங்க. பாலு மேல இருக்கசொல்லோ இங்கிலீச எங்கன்னு தேடும் அது? வார்த்தைய மாத்துங்க, வேணான்னு சொல்லல. எங்கள மாதிரி பேசிக்காட்டினு ஏன் சார் மாத்துறீங்க? அது பயந்துகினு வாயையே மூடிடுச்சு."

"ஆமா சார்" என்றாள் துண்டுக்கு அடியிலிருந்து அந்த வண்ணாரப்பேட்டைப் பெண். "அவ சொல்லல, அதான் நான் வந்துட்டேன்."

அவர் என்னையும் அந்தப் பெண்ணையும் பார்த்தார். "பேரண்ட்ஸ் எல்லாம் வெளிய நில்லுங்க. லிஸ்ட் நாளைக்கு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைப் பார்க்கப் போனார்.

இன்னும் நிறையச் சொல்ல இருந்தது. ஒரு மாசமாக வேலிக்கு வெளியே உட்கார்ந்து நான் மனசுக்குள் திட்டிய திட்டில் கால்வாசி கூட வெளியே வரவில்லை. அந்தாள் கடைசிவரை தப்பு என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. திரும்பும்போது வண்டியில் பின்னாலிருந்து மகள், "நைனா, நீயா பேசுன?" என்றாள். உதடு வீங்கியதில் வார்த்தை குழறியது. கொஞ்ச தூரம் போனதும், "லிஸ்ட்ல வராது" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

"போன மாசமே பேசியிருக்கலாம்ல?"

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் வண்டியை ஓரமாக ஒதுக்கினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணிக்குப் பட்டியல் போனில் வந்தது. பதினாறு பெயர். வண்ணாரப்பேட்டைப் பெண்ணின் பெயர் இருந்தது, என் மகளின் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாதவர்களும் வழக்கம்போலப் பயிற்சிக்கு வரலாம் என்று கீழே போட்டிருந்தது. மகள் மறுநாள் காலைப் பயிற்சிக்கு வேண்டும் என்று ஷூவைக் கழுவி வெயிலில் வைத்தாள். என் மனைவி வஞ்சிரம் வறுத்தாள். மகளால் மெல்ல முடியவில்லை, ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்தாள்.