தேவதை வீட்டு அடுப்பு

தேவதைகளுக்குப் பசிக்குமா, பசிக்காதா? காரிமங்கலத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் நர்சரி வைத்திருக்கும் மாதவராஜுக்கும், அவருக்குச் சொப்புச் சாமான் அளவில் வீடுகள் செய்து தரும் அமுதவல்லிக்கும் இதுதான் வழக்கு. சிரிக்காதீர்கள், இதில் ஒருத்தியின் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது.

பெங்களூர் போகிற கார்கள் அந்த நர்சரியில் நிற்கும். அகலத் தட்டில் பாசி பரப்பி, சின்னச் செடிகள் நட்ட ‘ஃபேரி கார்டன்’ வாங்கிப் போவார்கள். அதில் தேவதை குடியிருக்க வீடு, படுக்கக் கட்டில், ஆட ஊஞ்சல் எல்லாம் அமுதவல்லியின் கைவேலை. அவள் புருஷன் பச்சியப்பன் பாலக்கோட்டில் தக்காளி லோடு ஏற்றுகிறவர். உடைந்த பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து போடுவார். பலகை சுவராகும், விளக்குமாற்றுக் குச்சி கட்டில் காலாகும், உரச்சாக்கு நூல் கயிறாகும். கட்டைவிரல் நீளக் கட்டிலை அவள் பின்னி முடித்தால் எறும்பு ஏறிப் படுத்துக்கொள்ளும், அப்படி ஒரு நேர்த்தி.

எல்லாம் சரி, வீட்டுக்குள் ஓர் அடுப்பும் வைப்பாள். மிளகளவு மூன்று கல், நடுவே இரண்டு சுள்ளி. மாதவராஜுக்கு அதுதான் ஆகாது. வெளிநாட்டு ஃபேரி கார்டன் படங்களில் எங்கேயும் அடுப்பு இல்லையாம்.

“தேவதைங்களுக்கெல்லாம் பசிக்காதுங்கக்கா. இன்னொரு வாட்டி அடுப்பு வந்துச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டார். லோடு இல்லாத மாதங்களில் அந்தக் குட்டி வீடுகள்தான் அவள் வீட்டில் உலை ஏற்றின. வாங்குவதற்கு வேறு ஆள் கிடையாது.

ஆனாலும் அடுப்பில்லாத வீட்டை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. காரணம் குள்ளம்மாள்.

கல்யாணமான புதிதில் மாமனாரோடு சண்டை முற்றி, புருஷனும் பெண்டாட்டியும் ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த ஊரில் வந்து இறங்கிய அன்று நல்ல மழை. வாடகைக்குப் பிடித்த ஓட்டு வீட்டில் நாலு சுவரைத் தவிர ஒன்றுமில்லை. அமுதவல்லி மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாளுக்கும் அவள் வயசுதான். இவள் பேரைக்கூடக் கேட்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மூன்று கல்லைத் தூக்கிவந்து போட்டாள். தன் அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளியைக் கொண்டுவந்தாள். ராகி மாவும் ஒரு கை உப்பும் கொடுத்தாள்.

“அழுவறது அப்பறம் அழுவலாம். மொதல்ல அடுப்ப மூட்டு. பொகை வந்தாத்தான் அது வூடு” என்றாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அமுதவல்லி அன்றிலிருந்து நினைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

அதனால் ஒரு கள்ளத்தனம் செய்தாள். அடுப்பை உள்ளே மூலையில் ஒட்டி, மேலே கூரையையும் ஒட்டிவிட்டாள். குனிந்து பார்த்தாலும் தெரியாது. வருஷம் ஒன்று ஓடியது. போன ஐப்பசி மழையில் நர்சரிப் பந்தல் சரிந்தது. நனைந்து ஊறிய கூரைகள் கழன்றுகொண்டன. உடனே வரச்சொல்லி மாதவராஜ் போன் செய்தார். குரல் சரியில்லை. பிழைப்பு போச்சு என்றே அமுதவல்லி கிளம்பினாள்.

மேஜைமேல் கூரையில்லாத வீடுகள் வரிசையாக இருந்தன. அத்தனையிலும் அடுப்பு. இதுவரை வந்த எல்லாவற்றிலுமா என்று அவர் கேட்டார். ஆமாங்க என்றாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? மழை நாள் கதையைச் சொல்லிவிட்டாள்.

அவர் ஒரு வீட்டைக் கையிலெடுத்து, அடுப்பை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். “இனிமே கூரைய ஒட்டாதீங்கக்கா. தொறந்து பாக்கட்டும்” என்றார்.

அமுதவல்லி அந்த வீட்டை வாங்கிக்கொண்டு நேரே குள்ளம்மாளிடம் ஓடினாள். இத்தனை வருஷத்தில் அந்த மழை நாளைப் பற்றி வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று எல்லாவற்றையும் சொன்னாள். நீ போட்ட அடுப்பு பெங்களூரில் எத்தனை வீட்டில் இருக்கிறது தெரியுமா என்று கேட்டு, குட்டி வீட்டை நீட்டினாள்.

குள்ளம்மாளுக்கு எந்த மழை, எந்தக் கல் என்று ஞாபகமே வரவில்லை. குட்டி வீட்டை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“அடுப்பு வெச்ச, சரி. உப்பு எங்கடி? பாவம், வெறுங்களியவா திம்பாங்க?”