நான் கேட்ட ஒரு நாள்

கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு முறை கரு தங்கவில்லை. பிறகு விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், கருவை வெளியே வளர்த்து உள்ளே வைக்கும் சிகிச்சைக்குப் போனோம். என் பெயர் ஸ்டெல்லா. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜெபத்திலும் அப்படித்தான்.

ஒரு திங்கட்கிழமை என்னிடமிருந்து முட்டை எடுத்தார்கள். நாலு கரு உருவானது. "அஞ்சாம் நாள் கருவுக்குள்ள தண்ணி கோத்துச் சின்னக் குழி விழணும்மா. அதைப் பார்த்துட்டு வைப்போம்" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் அன்றே உபவாசம் தொடங்கினார்.

வியாழக்கிழமை போன் வந்தது. மூன்று கரு வளராமல் நின்றுவிட்டது. மிச்சம் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை ஐந்தாம் நாள் என்று யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறினோம். வரவேற்பில் இருந்த பெண் உள்ளே போய்க் கேட்டு வந்தாள்.

"இன்னும் கட்டி உருண்டையாத்தான் இருக்குதாம்க்கா. தண்ணி கோக்கலையாம்."

"இன்னாங்க, இப்படியே பார்த்துக்கினு இருந்தா வளர்ந்துடுமா? வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போலாம்" என்றேன்.

"நீயா சொல்ற, ஸ்டெல்லா?" என்றார் அவர்.

நான்தான் சொன்னேன். பேப்பரும் நான்தான் கேட்டேன். லேப் மேடம் வரட்டும் என்றாள் அந்தப் பெண். தண்ணீர் கேன் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். ஒன்பது வருஷம் பொறுத்தேனே, எனக்கு இன்னும் ஒரே ஒரு நாள் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். வேறு ஜெபம் வரவில்லை.

மேடம் வந்தார். "இன்னைக்கு அஞ்சாம் நாள்னு யாரு சொன்னது?"

"திங்கள் ஒண்ணு, செவ்வாய் ரெண்டு..." என்று விரல் மடக்கினேன். ஆண்டவர் மரித்த பெரிய வெள்ளியை ஒன்று என்று வைத்து, அவர் உயிர்த்த ஞாயிறை மூன்றாம் நாள் என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாங்கள்.

"முட்டை எடுத்த நாளை நாங்க சேர்க்க மாட்டோம்மா. இன்னைக்கு நாலுதான். நாலாம் நாள் உருண்டையாத்தான் இருக்கணும். நாளைக்கு வாங்க."

கேட்டது ஒரு நாள். கொடுத்ததும் ஒரு நாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கேட்ட பேப்பரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி டிவியில் கருவைக் காட்டினார்கள். உருண்டைக்குள் தண்ணீர் கோத்துக் குழி விழுந்திருந்தது. வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அன்றே உள்ளே வைத்தார்கள்.

இதை எழுதும்போது என் மகள் பேனாவைப் பிடுங்குகிறாள். ஆண்டவரோடு இன்னும் சண்டை போடுகிறேன், ஆனால் அவருக்கு நாள் குறிப்பதை விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்தது என்று எழுதிக் கொடுக்கப் பேனாவைக் கையில் எடுத்திருக்கிற சகோதரியே, கொஞ்சம் கீழே வை. உன் விரலில் ஐந்து ஆகியிருக்கலாம். அவருக்கு இன்னும் நாலுதான்.