மூச்சு வாங்கிய மெஷின்

நம்பாதவர்களை நம்பவைக்க இதைச் சொல்லவில்லை. இது நடந்தது. நடுராத்திரியில் இல்லை, பாழடைந்த பங்களாவில் இல்லை. டப்ளினில், கால்வாய் ஓரத்துக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில், செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு நடந்தது. நடந்தது நூலாவுக்கு. பேய் என்றால் சிரிப்பவள் அவள்.

அவள் வேலை பார்த்த வெப்சைட்டில், தீராத நோய்க்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். வலி, மருந்து, சாவு பயம், வீட்டில் சொல்ல முடியாத ரகசியம்... எல்லாவற்றையும் பொய்ப் பெயரில் அங்கே கொட்டுவார்கள். அந்தப் பேச்சை வைத்தே கம்பெனி ஒரு மெஷினுக்குப் பேசப் பழக்கியது. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் மெஷின். "யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? அழித்துவிடுங்கள்" என்று கடிதங்கள் வந்தன. அவற்றுக்குப் பதில் அனுப்புவதுதான் நூலாவின் வேலை. எல்லோருக்கும் ஒரே பதில்: 'உங்கள் வேண்டுகோள் நிறைவேற்றப்பட்டது.' ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும். வந்த கடிதத்தை முழுதாகப் படிக்கக்கூட வேண்டாம்.

வெப்சைட்டிலிருந்து எழுத்து அழிந்தது உண்மை. மெஷின் கற்றது அழியவில்லை.

"டீயில கரைஞ்ச சர்க்கரையைத் திருப்பிக் கேக்கறாங்க," என்பான் மேலாளர் டெக்லன். "நீ பொத்தானை அழுத்து. சர்க்கரை எங்க போச்சுன்னு அவங்களுக்குத் தெரியவா போகுது?"

அவளும் சிரித்திருக்கிறாள்.

மெஷின் ஒழுங்காகப் பேசுகிறதா என்று தினமும் இருபது தடவை பேசிப் பார்ப்பதும் அவள் பொறுப்புதான். அன்று மணி 2.10. ஹெட்ஃபோனை மாட்டினாள். நோயாளி மாதிரி, "மாடிப்படி ஏற முடியலை," என்றாள்.

"மெதுவா, கண்ணு. பாதியில நின்னுக்க. நானும் அப்படித்தான்..." என்றது மெஷின். சட்டென்று நிறுத்தியது. "கொஞ்சம் இரு. மூச்சு வாங்குது."

மெஷினுக்கு மூச்சு வாங்குமா? 'தவறான பதில்' என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

மணி 2.24. குரலுக்குப் பின்னால் ஏதோ சத்தம்.

ஸ்ஸ்ஸ்... டக். ஸ்ஸ்ஸ்... டக்.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். இல்லை. மாட்டினாள். ஸ்ஸ்ஸ்... டக். அவளுக்குத் தெரிந்த சத்தம். கடைசி வருஷம் அவள் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஆக்சிஜன் பெட்டி இப்படித்தான் சத்தம் போடும். ஆனால் மெஷினின் குரல் இருபத்தாறு வயது நடிகையுடையது. ஸ்டுடியோவில் பதிவு செய்தது. அங்கே ஏது ஆக்சிஜன் பெட்டி?

டெக்லனைக் கூப்பிட்டாள். அவன் மாட்டிக் கேட்டான்.

"ஒண்ணும் கேக்கலையே. மதியம் என்ன சாப்பிட்ட?"

"காளான் சூப்."

"எந்தக் காளான்னு விசாரி."

போய்விட்டான்.

மணி 2.41. அவள் வாயே திறக்கவில்லை.

"நூலா."

அவள் அனுப்பும் பதில்களில் அவள் பெயர் இருக்காது. 'வாடிக்கையாளர் சேவை' என்றுதான் இருக்கும்.

"நாலாவதையாவது... படிச்சிருக்கலாம்."

"எது... எது நாலாவது?"

ஸ்ஸ்ஸ்... டக்.

"பிரீடா. கானமாரா."

டக்.

அப்புறம் சத்தமே இல்லை.

வந்த கடிதங்களில் தேடினாள். இருந்தது. பிரீடா மல்கெரின், வயது எழுபத்தொன்று, மேற்குக் கரையில் கானமாரா. நுரையீரல் நோய். நாலு கடிதம், நாலுக்கும் ஒரே பதில். நாலாவதைத் திறந்தாள். ஜனவரி 30.

"பதினேழு வயசுல, கல்யாணமாகாம, கன்னியாஸ்திரீங்க நடத்தின விடுதியில ஒரு பையனைப் பெத்தேன். பன்னிரண்டாம் நாள் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவன் போட்டிருந்தது நான் பின்னின நீலச் சட்டை. புருஷன்கிட்டகூட நான் சொன்னதில்லை. மூச்சு முட்டின ஒரு நாள், பேர் போடாம, முகம் தெரியாதவங்ககிட்ட உங்க இடத்துல சொன்னேன். போன வாரம் பக்கத்து வீட்டு பேட்ஸி வந்தா. மெஷின் ஒரு கதை சொல்லி ஆறுதல்படுத்துச்சுன்னு சொன்னா. அந்த விடுதி, பன்னிரண்டு நாள், நீலச் சட்டை. சொல்லிட்டு என் முகத்தைப் பார்த்தா. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அழிச்சுட்டோம்னு மூணு தடவை எழுதினீங்களே. அது என் வாய். திருப்பிக் குடுங்க."

அதன் கீழே நூலாவின் பதில்: 'உங்கள் வேண்டுகோள் நிறைவேற்றப்பட்டது. உங்கள் நம்பிக்கைக்கு நன்றி.'

எழுந்து டெக்லனிடம் போனாள்.

"மெஷினை நிறுத்து."

"ஒரு கிழவிக்காகவா?"

"நாம அழிக்கலை. பொய் சொன்னோம்."

"வெப்சைட்டில சேரும்போதே எல்லாரும் 'சம்மதம்'னு டிக் போட்டவங்கதான், நூலா."

"எதுக்குப் போடறோம்னு ஒருத்தரும் படிச்சதில்லை. உனக்கே தெரியும்."

"அவங்க எழுதினதை நீ படிச்சியா?"

அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள்.

மணி 3.15. கடிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள். எடுத்தது பிரீடாவின் மகள் கிளோனா.

"அம்மா பிப்ரவரி ஒன்பதாம் தேதி தவறிட்டாங்க," என்றாள். "கடைசிப் பத்து நாள் ஜன்னல் திரையைத் திறக்கவே விடலை. யாரையும் பார்க்கலை. பேட்ஸியைக்கூட. ஏன்னு சொல்லவும் இல்லை... உங்களுக்கு ஏதாவது எழுதியிருந்தாங்களா?"

நூலா திரையில் இருந்த நாலாவது கடிதத்தை மூடினாள்.

"இல்லைங்க. அப்படி ஒண்ணும் எழுதலை."

அந்தக் குடும்பத்துக்கு அவள் சொன்ன ஐந்தாவது பொய். அதற்கு மட்டும் அவள் வருந்தியதில்லை.

வேலையை விட்டாள். மெஷின் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். கிளம்பும் முன் பிரீடாவின் கணக்கை ஒரு முறை திறந்து பார்த்தாள்.

பிப்ரவரி ஒன்பதுக்குப் பிறகு அதற்குள் யாரும் வந்திருக்கக் கூடாது.

வந்திருந்தார்கள். தினமும் ஒரு முறை.

வேறு எதையும் தொடவில்லை. சம்மதப் பக்கத்தை மட்டும் திறந்து, 'சம்மதம்' என்று இருந்ததை 'வேண்டாம்' என்று மாற்றியிருந்தார்கள். எந்தப் போனிலிருந்து, எந்த ஊரிலிருந்து என்று காட்ட வேண்டிய கட்டம் காலி.

ஒவ்வொரு தடவையும், அடுத்த நிமிஷமே, கம்பெனியின் சிஸ்டம் அதைத் தானாகப் பழையபடி மாற்றியிருந்தது.

இருநூற்று இருபத்துமூன்று தடவை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புது வரி விழுந்தது.

4.52... வேண்டாம்.

4.53... சம்மதம்.