முதல் டோக்கன்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது பட்டப்பகலில், வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், என் கண்ணெதிரே நடந்தது.

நானும் என் கூட்டாளி யாசீனும் கப்பலூரில் ஒரு ஷெட்டில் ஒரு கருவியைச் செய்தோம். பல நிற எல்.இ.டி. விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் கேமரா ஒரு படம் எடுக்கும். எல்லாம் சேர்ந்தால், தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிற இடம் சிவப்பாகவும் ஓடாத இடம் நீலமாகவும் தெரியும். சர்க்கரை நோயாளியின் கால் அழுகும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். பெரிய மெஷினுக்கு லட்சக்கணக்கில் ஆகும். எங்களுடையது ஒரு தோள்பைக்குள் அடங்கும்.

புரட்டாசியில் நடக்கவேண்டிய கால் பரிசோதனை முகாம். டோக்கன்கூடக் கொடுத்தாயிற்று. திறந்துவைக்கும் பெரிய மனிதருக்குத் தேதி ஒத்துவரவில்லை. தள்ளித் தள்ளித் தை மாதம் ஆனது. ரிப்பன் வெட்டாமல் ஒரு விளக்குப் போட விடவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெளி வெளிச்சம் பட்டால் படம் கெட்டுவிடும். அதனால் கறுப்புத் துணிக் கூண்டுக்குள் நான் மட்டும். நோயாளி வெளியே சேரில் உட்கார்ந்து, துணி இடுக்கு வழியாகக் காலை உள்ளே இருக்கும் ஸ்டூல்மேல் நீட்டுவார். பழைய டோக்கனே செல்லும் என்று சொல்லியிருந்தோம்.

"ஒண்ணாம் நம்பர், மலையாண்டி!" வெளியே யாசீன் கூப்பிட்டான்.

ஒரு கால் உள்ளே வந்தது. வலது கால். குதிகாலில் பழைய மம்பட்டி வெட்டு. விரலிடுக்கில் ஈர மண்... தொட்டேன். சில்லென்று இருந்தது.

டக்... டக்... டக்... விளக்குகள் மாறின.

படம் முழுக்க நீலம். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

மெஷின் கோளாறோ? என் கையை வைத்துப் பார்த்தேன். சிவப்பு.

"யாசீன், இவரை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"யாரைக்கா? சேர் காலியால்ல கெடக்கு."

கால் என் முன்னால்தான் இருந்தது.

விரல்கள் மடங்கின...

மெல்லப் பின்வாங்கியது.

துணியை விலக்கினேன்.

வெளியே சேர் காலி. உள்ளே ஸ்டூலில் மண் மட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஊன்றுகோலோடு இறங்கியவர் மலையாண்டி. வலது முழங்காலுக்குக் கீழே வேட்டி வெறுமனே தொங்கியது. மிச்சமிருக்கும் காலையாவது காட்டலாம் என்று மனைவி அன்னக்கொடி கூட்டி வந்திருந்தார். லேப்டாப்பில் இருந்த படத்தைப் பார்த்ததும் அந்த அம்மா குதிகால் வெட்டின்மேல் விரலை வைத்தார்.

"ஆத்தாடி... இது இவுக காலுல்ல! ஐப்பசியில ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்து என் கையில குடுத்தாக. வரப்போரமா நான்தான பொதைச்சேன்!"

மலையாண்டி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலுக்குத்தான தாயி டோக்கன் வாங்குனேன்" என்றார். "கூப்பிட்டதும் வந்துருச்சு போல."