மாடியில் என்ன வேலை

என் அத்தையின் பள்ளிக்கூடத்தை மூட வைத்தது நான்தான். அப்போது எனக்கு ஐந்து வயது. ஐந்து வயதுப் பிள்ளையால் என்ன செய்துவிட முடியும் என்று வீட்டில் எல்லோரும் ஆறுதல் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆறவில்லை.

அவனியாபுரத்தில் அப்பாவின் லேத் பட்டறைக்கு மேலே நீளமாக ஒரு மாடி இருந்தது. அப்பாவின் தங்கை சென்னையில் ஒரு வருஷம் பயிற்சி முடித்து வந்து, சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே வகுப்பு ஆரம்பித்தார். பெஞ்சும் பிரம்பும் கிடையாது. சுவரோரம் தாழ்வான அலமாரிகள். பிள்ளை தனக்கு வேண்டியதைத் தானே எடுத்து, பாய் விரித்து, ஆசை தீரச் செய்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். டீச்சர் குறுக்கே பேசக் கூடாது. நூறு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ஒரு பெண் டாக்டர், கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைக் கவனித்துக் கண்டுபிடித்த முறையாம். அதனால் நம் ஏரியாவுக்குத்தான் இது பொருத்தம் என்று அத்தை பிடிவாதமாக நம்பினார். சாமான்களை விலைக்கு வாங்க வழியில்லை. அளவு வாரியாக அடுக்கும் உருளைகளை அப்பாவே அலுமினியத்தில் கடைந்து கொடுத்தார்.

அத்தை ஒரு விஷயத்தில் கறார். அங்கே செய்வதை விளையாட்டு என்று யாரும் சொல்லக் கூடாது. அதற்குப் பெயர் வேலை. புதுப் பிள்ளை யாராவது வாய் தவறி விளையாட்டு என்றால், திருத்துவதற்கு அத்தை வர வேண்டியதில்லை, நான் இருந்தேன். டீச்சர் வீட்டுப் பிள்ளை என்ற திமிர்.

ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவரின் மகளும் எங்களோடு இருந்தாள். சேர்ந்து இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. தினமும் ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். சிந்தும், துடைப்பாள், மறுபடி ஊற்றுவாள். எனக்கே எரிச்சலாக வரும். அத்தை மட்டும் அவளை அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவளாகவே போய் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை எடுத்து, விரலால் தடவி, ‘ப’ என்றாள். அவள் குரலை அன்றுதான் கேட்டோம். அன்று முழுக்க அத்தைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா நடுப்பகலில் வந்தார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன்.

“மாடியில என்ன பாப்பா செய்வீக?”

வேலை செய்வோம் என்றேன். டம்ளர் கழுவுவோம், தரை துடைப்போம், பயறு பிரிப்போம் என்று வரிசையாக ஒப்பித்தேன். உங்கள் மகள்தான் ரொம்ப நேரம் வேலை செய்வாள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் மேலே போனபோது அவள் தொட்டியருகே குந்தி டம்ளர் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சத்தம் போடவில்லை. அத்தை பதறிப்போய், கை பழகினால்தான் எழுத்து வரும், அவள் பேச ஆரம்பித்துவிட்டாள் என்றெல்லாம் விளக்கினார். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க நல்லதுதேன் சொல்லுவீக டீச்சர். நான் எட்டு வயசுல புரோட்டாக் கடையில டம்ளர் கழுவுனவன். எம்மகளயும் அப்பிடிப் பாக்க முடியல.”

கையில் ஈரத்துணியோடு இருந்த அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பிள்ளைகளை வேலை வாங்குகிறார்கள் என்ற பேச்சு ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து தெருத் தெருவாகப் போனது. ஒவ்வொரு பிள்ளையாக நின்றது. கடைசியில் நான் ஒருத்திதான் மிச்சம்.

இப்போது அதே முறையில் நடக்கிற பள்ளிகளில் கார் வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் டம்ளர் கழுவுகிறார்கள். அத்தை ஒரு நர்சரிப் பள்ளியில், பிள்ளைகளின் கையைப் பிடித்து ஏ, பி, சி எழுத வைக்கிறார். அந்தப் பெண் மறுபடி பேசினாளா, என்ன ஆனாள் என்று நான் விசாரித்ததே இல்லை. பயம்தான்.

மாடியைப் பூட்டிய அன்று அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளுடைய அப்பா அன்றைக்கு என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று மெதுவாகக் கேட்டார். ஒரு சொல் விடாமல் சொன்னேன். மாடிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே, “சரியாத்தேன் சொல்லிருக்க” என்றார்.

அத்தை என்னைப் பாராட்டிவிட்டார் என்று அப்பாவிடம் சொல்லப் பட்டறைக்கு ஓடினேன்.