வார்டில் ஒரு வயிற்றெரிச்சல்

அம்மா வயிற்று வலியென்று என் வார்டிலேயே வந்து படுத்தபோது எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவளின் மகள் நர்ஸ் உடுப்பில் நிற்பதை மற்றக் கட்டில்காரர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பார்த்தார்கள். பார்த்துவிட்டு, தெற்கே காலி நகரத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த சிங்கள நர்ஸ் எப்போது வருவாள் என்று என்னிடமே விசாரித்தார்கள்.

எங்கள் வார்டில் பாதிப் பேருக்கு வயிற்றுக் கோளாறுதான். விடிகாலையில் வெறும் வயிற்றில் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுவார்கள். பசி மரத்துப்போன பிறகு ரொட்டியும் காரச் சம்பலும். இதெல்லாம் எனக்குத் தெரியும், நானும் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவள்தான். காரம் வேண்டாம், வெற்றிலை வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் என்று அவர்கள் பாஷையிலேயே தொண்டை வற்றச் சொல்வேன். தலையை ஆட்டுவார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் தலையணைக்கடியிலிருந்து ஊறுகாய் வெளியே வரும். அந்தச் சிங்கள நர்ஸ் வந்து அரைகுறைத் தமிழில் "அம்மா, கஞ்சி சாப்பிடுங்க" என்றால் மட்டும் கோப்பை காலியாகிவிடும். எரிச்சலாக வராதா?

அம்மாவையும் அவள் அப்படித்தான் பிடித்தாள். முதல் நாளே கட்டிலில் உட்கார்ந்து, அம்மாவின் வயிற்றில் கையை வைத்து, "அம்மாவுக்கு ரொம்ப வயித்தெரிச்சலா?" என்று கேட்டாள். வார்டே சிரித்தது. அம்மா வலியை மறந்து, ஆமாம், லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் புது டிவி வாங்கிவிட்டார்கள் என்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயிறு எரிகிறதா என்று கேட்க வேண்டும், வயிற்றெரிச்சல் என்றால் பொறாமை என்று நான் முகத்தை இறுக்கிக்கொண்டு திருத்தினேன். அவள் விளங்கிக்கொண்டு தானும் சிரித்தாள். அம்மா என்னைப் பார்த்து, "விடு, அது சரியாத்தான் கேக்குது" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குத்தான் அந்த நோய். அவள் தலைவாரிவிட்டால் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். நான் சீப்பை எடுத்தால், உனக்கு வேலை கிடக்கும், போ என்பாள். நான் மாத்திரையை நீட்டினால் எதற்கு என்று ஆயிரம் கேள்வி. அவள் கொடுத்தால் அப்படியே வாய்க்குள் போகும். பெற்ற மகள் நான். அவள் யார்?

தினமும் காலையில் எல்லாரிடமும் கேட்பதுபோல அம்மாவிடமும் மலம் எப்படிப் போகிறது என்று கேட்பேன். "நல்லாத்தான் போகுது" என்பாள். நானும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன்.

ஒரு மத்தியானம் அந்த நர்ஸ் வேகமாக என்னிடம் வந்து, "அக்கே, அம்மாவுக்குக் கறுப்பா போகுதாம். தார் மாதிரி" என்றாள். வயிற்றுக்குள் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தால் மலம் அப்படி இருக்கும். இடுப்பு வலிக்கென்று அம்மா கடையில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் விழுங்கி வந்ததையும் அவளிடம்தான் சொல்லியிருக்கிறாள். நாடியைப் பிடித்தால் படபடவென்று ஓடுகிறது, பிரஷர் இறங்கியிருக்கிறது. டாக்டரைக் கூப்பிட்டோம். வாய்வழி ஒன்றும் கொடுக்காமல் நிறுத்தி, சேலைன் ஏற்றி, இரத்தத்துக்குச் சொல்லியனுப்பினோம். ஒரு கையை அவள் பிடித்துக்கொண்டாள், மறு கையில் நான் ஊசியைச் செருகினேன். அந்தப் பயத்திலும், என்னிடம் சொல்லாததை இவளிடம் சொல்லியிருக்கிறாளே என்பதுதான் என்னை அரித்தது.

இரத்தம் ஏறி அம்மாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்ததும் கேட்டுவிட்டேன். தினமும் கேட்டேனே, என்னிடம் ஏன் மறைத்தாய் என்றேன். அம்மா கோபப்படவில்லை.

"நீ கேட்டா நர்சு கேக்குற மாதிரி இருக்கு. அது கேட்டா மக கேக்குற மாதிரி இருக்கு."

அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். நாளைக்கு அந்தப் புள்ளைக்கு டியூட்டி இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். இருக்கிறது என்றேன்.

எனக்கு இருக்கிறதா என்று அம்மா கேட்கவில்லை.