கிழக்கே திரும்பி நிற்கையில்

எங்கள் ஆலயத்தில், எதையெல்லாம் நம்புகிறோம் என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது எல்லோரும் கிழக்கே திரும்பி நிற்போம். கடலூரில் கிழக்கு என்றால் கடல்தான்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி நின்றபோதுதான் வெளியே அலறல் கேட்டது. என் மகள் ஜெனி, உடன் படிக்கும் குமாருக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்கக் கடற்கரைக் குப்பத்துக்குப் போயிருந்தாள். அனுப்பியது நான்.

குமாரின் அம்மா அஞ்சலை ஒரு கையில் மகனையும் மறு கையில் ஜெனியையும் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். தண்ணீர் அடித்ததில் மகனின் கை நழுவிவிட்டது.

சில நாள் கழித்து ஜெனியோடு நிவாரண முகாமுக்குப் போனேன். அஞ்சலை கேட்டாள்.

"யக்கா, செத்தவங்க ஒடம்போட எழுந்து வருவாங்கன்னு ஒங்க கோயில்ல சொல்லுவீங்களாமே? ஜெனி சொல்லுச்சு. நீங்க நம்புறீங்களா?"

வாரம் தவறாமல் சொல்லிவந்ததுதான். யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

"நம்புறேன் அஞ்சல."

"எம் புள்ளைக்கும் உண்டாக்கா?"

போதகரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்திருக்கலாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உண்டு" என்றேன். அவள் ஜெனியின் தலைமுடியைக் கோதத் தொடங்கினாள்.

வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் கிழக்கே திரும்பியதும் வெளியே ஏதும் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பேன். 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்ற இடத்தில் நிறுத்திவிடுவேன். பக்கத்தில் ஜெனி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவாள். கைகட்டி நிற்கும் அவள் மணிக்கட்டில், அஞ்சலையின் கண்ணாடி வளையல் உடைந்து கிழித்த தழும்பு அப்படியே இருக்கிறது.